மேளத்துக்கு மதிப்பெண்

புதுவாழ்வு நகர் மக்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றொரு பங்கு மகிழ்ச்சி இருக்கிறது என்று நாங்கள் அறிக்கை எழுதி முடித்துவிட்டோம். வரைபடம், அட்டவணை, அடிக்குறிப்பு எல்லாம் அதில் இருந்தன. மனிதர்கள்தான் இல்லை.

"நாலு முகம் வேணும் மங்கை. சிரிச்ச முகமா பார்த்து எடுத்துட்டு வாங்க. பக்கத்துல ரெண்டு வரி அவங்க சொன்னதைப் போட்டுக்கலாம்" என்றார் பேராசிரியர் அருணகிரி. எங்கள் வாழ்நல ஆய்வகத்தின் இயக்குநர். குரல் உயர்த்தத் தெரியாத மனிதர். நான் அங்கே மூன்று வருடமாக ஆய்வாளர். குரல் உயர்த்த மட்டுமே தெரிந்தவள் என்று பெயர்.

விஷயம் இதுதான். ஆற்றோரத்தில் இருந்த தொள்ளாயிரத்துச் சொச்சம் குடும்பங்களைக் காலி செய்து, நகரத்துக்கு வடக்கே, மூடிப்போன ரசாயன ஆலை ஒன்றின் மதிலை ஒட்டிப் பன்னிரண்டு அடுக்குமாடிகளாக எழுப்பிய புதுவாழ்வு நகரில் குடிவைத்தார்கள். ஒவ்வொரு மாடிப்படித் திருப்பத்திலும் எங்கள் நலமானி ஒன்று. சோப்பு டப்பா அளவில் வெள்ளைப் பெட்டி, ஓரத்தில் பச்சை விளக்கு. மொத்தம் தொண்ணூற்றாறு. அது யார் என்ன பேசுகிறார்கள் என்று ஒட்டுக்கேட்காது. அந்தரங்கம் முக்கியம் அல்லவா! சத்தத்தின் ஏற்ற இறக்கம், காலடிகள், கூடுகிற கூட்டம், இவற்றை மட்டும் கேட்டு, அந்தச் சமூகம் எவ்வளவு நலமாக இருக்கிறது என்று தினமும் ஒரு மதிப்பெண் போடும்.

"அளக்காத இடத்துக்கு ஆளை அனுப்பக் கூடாது" என்பது அருணகிரி அரசாங்கத்தோடு மல்லுக்கட்டி வாங்கிய விதி. தொடர்ந்து தொண்ணூறு நாள் நலமானிப் பதிவு இல்லாத இடத்துக்கு ஒரு குடும்பத்தைக்கூட மாற்ற முடியாது. ஏழைகளுக்காக நான் செய்த ஒரே உருப்படியான காரியம் என்று அவரே சொல்வார். இப்போது பதினான்கு மாதப் பதிவு கையில் இருந்தது. வருகிற வியாழக்கிழமை அரசுக் குழு கூடுகிறது. எங்கள் தொண்ணூற்றொன்றைப் பார்த்துவிட்டு, படகுத்துறையில் இருக்கும் ஆயிரத்து நூற்று நாற்பது குடும்பங்களையும் அதே இடத்துக்கு மாற்றக் கையெழுத்துப் போடும்.

நான் சிரித்த முகம் தேடிப் போனேன்.

ஐந்தாவது கட்டடத்தில் மூன்றாவது மாடி. லிஃப்டுக்குள் யாரோ கொடி கட்டித் துணி காயப் போட்டிருந்தார்கள். தேசம்மா அக்கா கதவைத் திறந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும், மீன் விற்றவர். இங்கிருந்து மீன் சந்தைக்கு இரண்டு பஸ் மாற வேண்டும் என்பதால் இப்போது விற்காதவர். உள்ளே அவர் கணவர் எத்திராஜ் கட்டிலில் சாய்ந்திருந்தார். அந்தப் பகுதியில் சாவு வீட்டுச் சட்டி மேளத்துக்கு அவரை விட்டால் ஆள் கிடையாதாம். கால் இரண்டும் வீங்கியிருந்தன. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ்.

"இன்னா மேடம் அளக்கிறீங்க? அந்தப் பொட்டி இன்னா சொல்லுது எங்கள பத்தி?" என்றார் தேசம்மா அக்கா.

"நல்லாத்தான் சொல்லுது அக்கா. நீங்க ரொம்ப சந்தோஷமா இருந்த ஏழு நாளை எடுத்து வச்சிருக்கோம். அன்னைக்கெல்லாம் என்ன விசேஷம்னு சொன்னீங்கன்னா எழுதிக்குவேன்."

"படி, பாப்போம்."

"பிப்ரவரி ஒன்பது. மதிப்பெண் தொண்ணூத்தி நாலு."

அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு முகம் ஒரு மாதிரி ஆனது. "ஒம்போதா? அது நம்ம சுந்தரி போன நாளு."

"எங்க போனாங்க?"

"செத்துப் போச்சு மேடம். முப்பத்தி ஒரு வயசு. கிட்னி."

ஏதோ தற்செயலாகத் தேதி ஒத்துப்போய்விட்டது என்று நினைத்து அடுத்ததைப் படித்தேன். "மார்ச் ரெண்டு."

"லாரி ஓட்டுற அமாவாசை" என்றார் எத்திராஜ் கட்டிலில் இருந்தபடியே. "ராவெல்லாம் வாந்தி. காத்தால ஆளு இல்ல."

"மார்ச் இருபத்தி மூணு."

"லில்லி புள்ள. ஆறாங்கிளாஸ் படிச்சுகினு இருந்துச்சு."

ஏழு தேதிகளும் அப்படித்தான். ஏழு பேர். எந்தத் தேதியையும் அவர்கள் காலண்டரில் தேடவில்லை. ஏழாவது பெயருக்குப் பிறகு நான் குறிப்பேட்டை மூடினேன். எத்திராஜ்தான் கேட்டார்.

"இந்த ஏழுக்கும் நான்தான் மேடம் அடிச்சேன். நிக்க முடியாம நாற்காலி போட்டு குந்திகினு அடிச்சேன். ஜனம் ஆடும், பூ எறியும், பாட்டு கட்டும். எங்க ஊட்டுச் சாவு அப்படித்தான். ராஜா மாரி அனுப்பி வைப்போம். அத அந்தப் பொட்டி சந்தோசம்னு எழுதிகினு இருந்துச்சா?"

தலையை ஆட்டினேன்.

"அப்ப ரொம்ப கம்மியா போட்டது எப்ப?" என்றார் தேசம்மா அக்கா.

"ஜூலை. முப்பத்தெட்டு. ஒன்பது நாள் தொடர்ந்து."

அவர் சிரித்தார். நான் தேடி வந்த சிரிப்பு அது இல்லை. "ஜூலைல நல்ல தண்ணி லாரி வந்துச்சு மேடம். நானா நீயான்னு கொடத்த வச்சிகினு ஒருத்தி மயிர ஒருத்தி புடிச்சோம். அப்புறம் ஆளுக்கு நாலு கொடம் புடிச்சுகினு வந்து, ஒண்ணா குந்தி டீ குடிச்சோம். இங்க வந்ததுல இருந்து அந்த ஒம்போது நாளுதான் நல்லா இருந்தோம். இன்னாத்துக்குனு தெரில, லாரிய நிறுத்திட்டாங்கோ."

எனக்குத் தெரியும். அந்தப் பத்தியை எழுதியவளே நான்தான்: 'லாரி நீர் விநியோகம் சமூகச் சச்சரவைத் தூண்டுவதால் நிறுத்திவைக்கப் பரிந்துரைக்கப்படுகிறது.' லாரி நின்ற பிறகு ஆலை மதிலோரத்து ஆழ்துளைக் கிணறுதான். அதில் ஒரு டம்ளர் எனக்கும் கொடுத்தார்கள். இரும்பும் மருந்தும் கலந்த வாடை.

கிளம்பும்போது தேசம்மா அக்கா என் கையைப் பிடித்தார். "படகுத்துறைல எம்பொண்ணு கீது மேடம். ரெண்டு புள்ளைங்கோ. வியாழக்கெழம கையெழுத்து ஆச்சுன்னா அதையும் இங்கதான் இட்டாந்து உடுவாங்கோ. எப்பிடியாச்சும் சொல்லு."

"நான் போனா ஒருத்தனும் அடிக்கக் கூடாது தேசம்" என்றார் எத்திராஜ். "எஞ்சாவ அதுக்குத் தீனியா போடாத."

ஆய்வகத்துக்குப் போகிற வழியெல்லாம் எத்திராஜ் சொன்ன மொத்தக் கணக்கே மனதில் ஓடியது. பதினான்கு மாதத்தில் முப்பத்தொரு சாவு. ஒவ்வொரு சாவுக்கும் எங்கள் வரைபடம் ஒரு படி ஏறியிருக்கிறது. சாகச் சாக மதிப்பெண்! கதவைத் தட்டாமல் உள்ளே போய் எல்லாவற்றையும் கொட்டினேன்.

அருணகிரி முழுவதையும் கேட்டார். எனக்கும் சேர்த்துத் தேநீர் ஊற்றினார்.

"ஒரு சாவுக்கு எத்தனை பேர் வர்றாங்க மங்கை?"

"நானூறு, ஐந்நூறு."

"என் அடுக்ககத்துல நான் செத்தா நாலு பேர் வருவாங்களா? கதவைச் சாத்திட்டு மெசேஜ் அனுப்புவாங்க. அங்க ஊரே கூடுது, சேர்ந்து ஆடுது, சேர்ந்து சாப்பிடுது. சமூக நலம்னா அதுதானே? இயந்திரம் தப்பா அளந்துச்சுன்னு ஏன் நினைக்கணும்?"

படித்தவர்களின் அயோக்கியத்தனத்தில் ஒரு அழகு இருக்கிறது, அதுதான் ஆபத்து. ஒரு நிமிடம் எனக்குமே அது சரிதானோ என்று பட்டது.

"கூடுறது நலம்தான் சார்" என்றேன். "ஆனா அந்த நானூறு பேர்ல இருந்துதானே ஒவ்வொருத்தரா பாடையில போறாங்க?"

"அது சுகாதாரத் துறை. நம்ம துறை இல்லை."

"நம்ம பெட்டியில சாவுன்னு ஒரு வகையே கிடையாதா சார்?"

"நாலு வகைதான். கொண்டாட்டம், உரையாடல், அமைதி, சச்சரவு. முதல் மூணும் ஏத்தும், கடைசி இறக்கும். துக்கத்தைப் பத்தி நிபுணர் குழுவுல பேசினோம். துக்கம் தனிமனித உணர்வு, சமூக நடத்தை இல்லைன்னு முடிவாச்சு."

நிபுணர்கள்! ஒருத்தராவது எழவு வீட்டுக்குப் போயிருக்க மாட்டார்களா? நான் மேசையைத் தட்டினேன். "சரி, நிபுணரை விடுங்க. இயந்திரத்துக்கு ஆரம்பத்துல பாடம் சொல்லிக் கொடுக்க ஆயிரக்கணக்குல ஒலித்துணுக்கு கொடுத்து, மனுஷங்களை வச்சுத்தானே குறிச்சு வாங்கினோம்? எந்த மடையன் சார் சட்டி மேளத்தைக் கொண்டாட்டம்னு குறிச்சான்? அவன் பேர் எனக்கு வேணும்."

அவர் கணினியில் பழைய கோப்பைத் தேடி எடுத்து, திரையை மெல்ல என் பக்கம் திருப்பினார்.

துணுக்கு எண் 2208. வகை: கொண்டாட்டம். குறித்தவர் எண்: 17. பக்கத்தில் குறிப்பு என்றொரு கட்டம். அதில் ஒருவர் எழுதியிருந்தார்: 'இது சாவு மேளம். இதற்கு வகை இல்லை. மேற்பார்வையாளரைக் கேட்டேன், இருப்பதில் ஒன்றைப் போடச் சொன்னார். கிட்டத்தட்டப் பொருந்துவதைப் போடுகிறேன்.'

எட்டு வருடத்துக்கு முன்னால், எம்.ஏ. படிக்கும்போது, ஒரு கோடை விடுமுறை முழுவதும் விடுதி அறையில் காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு மூவாயிரம் துணுக்குகளுக்குக் குறி போட்டேன். ஒரு கை முறுக்குப் பொட்டலத்தில், ஒரு கை விசைப்பலகையில். யாருக்காக, எதற்காக என்று அப்போது யாரும் சொல்லவில்லை. என் எண் பதினேழு.

"அந்தக் குறிப்புக் கட்டத்தை இயந்திரம் படிக்காது" என்றார் அருணகிரி. "நாங்களும் படிக்கலை. உங்க மேல எனக்குக் கோபமே இல்லை மங்கை. ஆனா வியாழக்கிழமை குழுவுல எழுந்து பேசப் போறீங்கன்னா, இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கும். யோசிச்சுக்கோங்க."

இவ்வளவு அன்பாக என்னை யாரும் மிரட்டியதில்லை. தேநீர் ஆறிப் போயிருந்தது. தெரியாமல் செய்த தப்பாக இருந்தால்கூடப் பரவாயில்லை. சாவு மேளம் என்று தெரிந்து, அதைக் கையால் எழுதியும் வைத்துவிட்டு, அதே கையால் கொண்டாட்டத்தில் தள்ளியிருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை எத்திராஜ் போய்விட்டார்.

மறுநாள் காலையில் நான் போனபோது ஐந்தாவது கட்டடத்தின் கீழே ஐந்நூறு பேர் நின்றிருந்தார்கள். ஒரு சத்தம் கிடையாது. அவருடைய குழு ஆட்கள் ஆறு பேரும் வெறுங்கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றார்கள். அவருடைய சட்டி மேளம் மேலே வீட்டு மூலையில் கவிழ்ந்து கிடந்தது. மூன்றாவது மாடியிலிருந்து உடலை நான்கு பேர் படிப்படியாக இறக்கினார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் பச்சை விளக்கு எரிந்தது. பூப்பல்லக்கு வந்தது, பாட்டு இல்லை. பூ எறிந்தார்கள், ஆட்டம் இல்லை. ஊரில் எத்தனையோ பேரை மேளத்தோடு அனுப்பி வைத்த ஆள், தான் மட்டும் மேளம் இல்லாமல் போனார்.

தேசம்மா அக்கா முந்தானையைச் சுருட்டி வாய்க்குள் அடைத்துக்கொண்டிருந்தார். கண்ணில் நீர் கொட்டியது, தொண்டையில் ஒன்றும் வெளியே வரவில்லை. வண்டி நகர்ந்த பிறகு முந்தானையை எடுத்துவிட்டு என் காதோரம் சொன்னார்: "இன்னிக்கி அந்தப் பொட்டி தலைய தொங்கப் போடும் பாரு மேடம். நாளைக்கி அத காட்டு அவங்களுக்கு."

நான் ஒதுங்கிப் போய் செல்போனில் நலமானிப் பதிவைத் திறந்து பார்த்தேன். புதுவாழ்வு நகர். வகை: அமைதி. மதிப்பெண்: தொண்ணூற்றேழு. நிறுவிய நாளிலிருந்து இதுதான் உச்சம்.

அவரிடம் அதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

வியாழக்கிழமை கூட்டத்தில் அருணகிரி முதலில் பேசினார். புதன்கிழமைத் தொண்ணூற்றேழு வரைக்கும் சேர்த்துப் புது வரைபடம் போட்டுக்கொண்டு வந்திருந்தார். கோடு மேலே மேலே போய்க்கொண்டிருந்தது. குழுத் தலைவியான அதிகாரி, "நல்ல முன்னேற்றம்" என்றார். நான் எழுந்தேன்.

"அந்த மேளத்துக்குக் கொண்டாட்டம்னு குறி போட்டவ நான்தாங்க. எண் பதினேழு. அது சாவு மேளம்னு தெரிஞ்சே போட்டேன்."

அருணகிரி நிமிர்ந்து பார்த்தார். அவர் கையில் இருந்த ஆயுதத்தை நானே பிடுங்கிக் கீழே போட்டதும் அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. நான் ஏழு தேதிகளையும் படித்தேன், ஒவ்வொரு தேதிக்கும் ஆள் பெயரோடு. பிறகு ஜூலையைச் சொன்னேன். பிறகு நேற்றைய தொண்ணூற்றேழு எப்படி வந்தது என்று, முந்தானை வரைக்கும் சொன்னேன். "முப்பத்தி ரெண்டு பேர் செத்திருக்காங்க. முதல்ல அந்தத் தண்ணியைச் சோதிச்சுப் பாருங்க" என்று முடித்தேன்.

அறை நிசப்தமானது. எங்கள் பெட்டி அங்கே இருந்திருந்தால் அதற்கும் நல்ல மதிப்பெண் கொடுத்திருக்கும்.

தலைவிக்கு முகம் வாடிவிட்டது, அதை மறுக்க மாட்டேன். "இது பெரிய குறை" என்றார். "துக்கம்னு ஐந்தாவது வகை ஒண்ணு உடனே சேர்க்கணும். பேராசிரியர், என்ன தேவைப்படும்?"

அருணகிரி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "புது வகையைக் கத்துக்க இயந்திரத்துக்குக் குறைஞ்சது முந்நூறு மாதிரி வேணும். இப்போதைக்கு முப்பத்திரண்டுதான் இருக்கு. படகுத்துறைக் குடும்பங்களும் வந்துட்டா மக்கள்தொகை இரட்டிப்பாகும். மாதிரியும் சீக்கிரம் சேரும்."

யாராவது மேசையைத் தட்டுவார்கள் என்று பார்த்தேன். ஒருவர் 'முந்நூறு' என்று குறிப்பேட்டில் எழுதி அடிக்கோடு போட்டார். தண்ணீர்ச் சோதனை இந்தக் குழுவின் வரம்பில் வராது என்று இன்னொருவர் விளக்கினார். கையெழுத்து அடுத்த மாதக் கூட்டத்தில். அதுவரை பதிவு தொடர வேண்டும்.

வெளியே வந்ததும் பஸ் ஏறி நேரே புதுவாழ்வு நகருக்குப் போனேன். தொண்ணூற்றேழையும் முந்நூறையும் மறைக்காமல் தேசம்மா அக்காவிடம் சொன்னேன். நான் யார், என்ன குறி போட்டேன் என்பதையும் சொன்னேன். அவர் என்னை அறைந்திருந்தால்கூட வாங்கியிருப்பேன். அவர் விரல்களை மடக்கிக் கணக்குப் போட்டார்.

"அப்ப அழுதாலும் அதுக்கு லாபம், அழாங்காட்டியும் அதுக்கு லாபம். இன்னும் இருநூத்து சொச்சம் பேரு சாவணும், அப்பத்தான் அதுக்குப் புரியும். அப்டித்தானே?"

"ஆமா அக்கா."

"இன்னா படிப்புடா இது" என்றார்.

பையிலிருந்து விதிப் புத்தகத்தை எடுத்தேன். அருணகிரி மல்லுக்கட்டி வாங்கிய அந்தப் பக்கத்தைக் கிழித்து அவர் கையில் கொடுத்து, வாசித்தும் காட்டினேன். தொடர்ந்து தொண்ணூறு நாள் பதிவு இல்லாத இடத்துக்கு ஒரு குடும்பத்தையும் மாற்றக் கூடாது. "ஒரு நாள் விட்டுப்போனாலும் முதல்ல இருந்து எண்ணணும் அக்கா" என்றேன்.

அவர் அதை இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். பன்னிரண்டு கட்டடத்துப் பெண்களும் காலையிலேயே இறங்கி வந்தார்கள், ஒவ்வொருத்தர் மடியிலும் வெள்ளைப் பெட்டிகள். கீழே ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் நிரப்பிய நீல நிறப் பீப்பாய் ஒன்று இருந்தது. வரிசையாக வந்து போட்டார்கள். தொண்ணூற்றாறு பெட்டி. பச்சை விளக்குகள் தண்ணீருக்குள் கொஞ்ச நேரம் எரிந்து, ஒவ்வொன்றாக அணைந்தன.

"அதுவும் கொஞ்சம் குடிக்கட்டும்" என்றார் தேசம்மா அக்கா.

ஆய்வகத்துச் சொத்தைச் சேதப்படுத்தத் தூண்டியதாக என் மேல் புகார் இருக்கிறது. வேலை போய்விட்டது. அந்தக் கிணற்றுத் தண்ணீரைத்தான் இன்றைக்கும் அவர்கள் குடிக்கிறார்கள். நான் ஏறி இறங்காத அலுவலகம் இல்லை. புதுப் பெட்டி மாட்ட ஆள் வரும்போதெல்லாம் பெண்கள் படியை மறித்து உட்கார்ந்துவிடுகிறார்கள். எண்ணிக்கை இன்னும் ஒன்றாம் நாளுக்குப் போகவில்லை. படகுத்துறையில் அக்காவின் மகளும் பேரப்பிள்ளைகளும் இருந்த இடத்திலேயே இருக்கிறார்கள்.

அன்றைக்குக் கடைசிப் பெட்டியும் அணைந்த பிறகு, எத்திராஜின் குழு ஆட்கள் மாடிக்குப் போய் அவருடைய மேளத்தை எடுத்து வந்தார்கள். தோலை வெயிலில் காட்டிச் சூடேற்றினார்கள். குச்சியைக் கையில் எடுத்தவர் அடிக்காமல் என்னைப் பார்த்தார். எல்லாரும் பார்த்தார்கள். நான் செல்போனைத் திறந்தேன்.

"பதிவு இல்லை" என்று உரக்கப் படித்தேன்.

மேளம் எழுந்தது. தேசம்மா அக்கா தரையில் உட்கார்ந்து, பதினாறு நாளுக்குப் பிறகு முதல் தடவையாக, வாய்விட்டு அழுதார்.